பதினான்காவது வயலின்

வடபழனியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ரஹிமா பழைய கீபோர்டுகளைப் பழுது பார்த்து வந்தாள். அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொண்ட மணவாளனுக்கு எழுபது.

ஒரு திங்கட்கிழமை காலை மணவாளன் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பெரிய பெட்டி. ஆட்டோக்காரரும் ஒரு கை பிடித்துத்தான் அதை மாடிக்கு ஏற்ற முடிந்தது.

பெட்டியைத் திறந்ததும் ரஹிமா சிரித்தாள்.

"இத்தாலி கீபோர்டு. ஸ்ட்ரிங்ஸ், அதாவது வயலின் கோஷ்டி சத்தம் மட்டும்தான் வாசிக்கும். இதைப் பார்த்தே பத்து வருஷம் ஆச்சு. எங்கே சார் கிடைச்சுது?"

"நான் வேலை பார்த்த ரெக்கார்டிங் தியேட்டரை இடிக்கிறாங்க. சாமானெல்லாம் வாசல்ல கிடந்துச்சு. கேட்டேன், எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க."

"சரி பண்ணித் தரணுமா?"

"அதெல்லாம் வேண்டாம்மா. உள்ளே என்ன இருக்குன்னு பாக்கணும்."

"ஏன்?"

மணவாளன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாங்க பதினாலு பேர் வயலின். எழுபத்தொன்பதுல இது வந்துச்சு. எண்பத்து மூணுல எங்கள்ல ஒருத்தர்கூட அந்தத் தியேட்டர்ல இல்ல."

ரஹிமா குனிந்து பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"பாக்கணும்னா நாலு ஸ்க்ரூ. பத்து நிமிஷம். புரியணும்னா ஆறு மாசம் ஆகும் சார்."

"எனக்கு வேற வேலை இல்ல" என்றார் மணவாளன்.

மறுநாளிலிருந்து தினமும் பத்து மணிக்கு வந்தார். முதலில் அவளை "அம்மா" என்று கூப்பிட்டார். பிறகு விளையாட்டாக "டீச்சர்" என்றார். ஒரு மாதத்தில் விளையாட்டு போய் டீச்சர் மட்டும் நின்றது. அவள் கடைசிவரை அவரை "சார்" என்றே கூப்பிட்டாள்.

கட்டைகளுக்கு அடியில் இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சால் துடைத்தார். ஈயத்தை உருக்கிப் பற்ற வைக்கக் கற்றுக்கொண்டார். பெட்டியின் சங்கதி அவருக்கு மெல்ல விளங்கியது. மேல் ஸ்தாயியில் பன்னிரண்டு சுரங்கள். அவற்றைப் பாதி பாதியாக வகுத்துத்தான் கீழே உள்ள எல்லாமே பிறக்கின்றன. அதனால் எந்தக் கட்டையை அழுத்தினாலும் சுருதி அப்பழுக்கு இல்லாமல் இருக்கும்.

மூன்றாவது மாதம் பெட்டி முதல் தடவையாகப் பேசியது. மணவாளன் ஒரு கட்டையை அழுத்தினார். மூக்கடைத்தவன் குரல்போல மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுவா? இந்தச் சத்தத்துக்கா எங்களை வீட்டுக்கு அனுப்பினாங்க?"

ரஹிமா எழுந்து வந்தாள். பெட்டியின் மூலையிலிருந்த ஒரு சின்ன போர்டை வெளியே எடுத்து, அதில் இரண்டு சிப்புகளை மாற்றினாள். திரும்பப் பொருத்தினாள்.

"அதே கட்டையை அழுத்துங்க சார்."

அவர் அழுத்தினார். அவள் முகப்பில் இருந்த ஒரு விசையைத் தட்டினாள்.

அறை நிறைந்துவிட்டது. ஒற்றைக் குரலாக இருந்தது கூட்டமாகிவிட்டது. அலை அலையாக, ஓரம் மங்கி, எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி வந்தது. மணவாளன் விரலை எடுக்க மறந்து நின்றார்.

"காலையில ஒன்பது மணி டீச்சர்" என்றார் கடைசியில். "நீல நாற்காலி. ஏசி குளிர்ல கையைத் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருப்போம். பேன்ட் முழுக்க வில்லுக்குத் தேய்க்கிற ரோசின் தூள். மியூசிக் கண்டக்டர் கையைத் தூக்குவார். பதினாலு வில்லும் மேல நிக்கும். யாரும் மூச்சு விடமாட்டோம். வீட்டுக் கவலை, வாடகை, ஒண்ணும் அந்த நேரத்துல கிடையாது."

பிறகு கேட்டார். "இது வயலின் மாதிரி இல்ல. ஆனா நாங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. எப்படி?"

"ஒரே சத்தத்தை அந்த போர்டு மூணு வழியா அனுப்புது. ஒண்ணு ஒரு துளி முந்தும், ஒண்ணு பிந்தும். எது முந்துது எது பிந்துதுன்னு மாறிக்கிட்டே இருக்கும். மூணும் ஒருநாளும் ஒண்ணா வந்து சேராது."

"ஏன் அப்படிச் செஞ்சாங்க?"

"நாலு நாள் நான் காயல்பட்டினம் போறேன். அக்கா பொண்ணுக்குக் கல்யாணம். சாவி உங்ககிட்ட இருக்கட்டும். நீங்களே பாருங்களேன்."

நான்கு நாளும் மணவாளன் அந்த போர்டின் முன்னாலேயே இருந்தார். சத்தத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் கடையில் இருந்தது; அதில் மூன்று கோடுகளும் விலகி விலகி ஆடுவதைப் பார்த்தார். அவருக்கு அது பொறுக்கவில்லை. தாளம் தவறுவதை அவர் என்றுமே பொறுத்தவர் இல்லை. போர்டில் மூன்று சின்னத் திருகுகள் இருந்தன. அவற்றைத் திருகியே மூன்றாம் நாள் மாலைக்குள் ஆட்டத்தை நிறுத்தினார். நான்காம் நாள் மூன்று கோடுகளையும் ஒரே கோடாக்கினார்.

ரஹிமா கல்யாணப் பலகாரத்தோடு திரும்பி வந்தாள்.

"பிசகு பூரா எடுத்துட்டேன் டீச்சர்" என்றார் பெருமையாக.

"வாசிங்க சார்."

அவர் தன் காலத்துப் பாட்டு ஒன்றின் நடுவில் வரும் இன்டர்லூட்டை வாசித்தார். நான்காவது சுரத்தில் கை நின்றது. விசையைத் தொட்டுப் பார்த்தார். அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

"போயிடுச்சு" என்றார்.

"சுத்தமா இருக்கு சார்."

"பிசகை மட்டும்தானே எடுத்தேன். எல்லாமே எப்படிப் போச்சு?"

ரஹிமா பிளாஸ்கிலிருந்து இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள். ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க பதினாலு பேர்ல யார் சார் சரியா வாசிக்கமாட்டார்?"

"எபநேசர்" என்றார் மணவாளன் உடனே.

சொன்ன பிறகு டம்ளரை எடுக்கவில்லை. அவராகவே மேலே சொன்னார்.

எபநேசரும் அவரும் ஒன்பது வருஷம் ஒரே ஸ்டாண்டில் நோட்ஸ் பார்த்து வாசித்தவர்கள். எபநேசரின் வில் எப்போதும் ஒரு இழை பிந்தித்தான் இறங்கும். யோசித்துவிட்டு இறங்குவது போல இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மணவாளனுக்கு அது காலில் முள் மாதிரி. ஒரு நாள் மத்தியானம் ஒரே இசைத்துண்டைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து பதினோரு டேக் போனது. "யார் இழுக்கிறது?" என்று கண்டக்டர் கத்தினார். யாரும் வாய் திறக்கவில்லை. மணவாளன் வில் நுனியால் பக்கத்து நாற்காலியைக் காட்டினார்.

எபநேசர் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு போனார். பிறகு அவருக்கு அழைப்பு வரவில்லை.

"மறுநாள் ரெண்டே டேக்ல முடிஞ்சுது. எல்லாருக்கும் சந்தோஷம்" என்றார் மணவாளன். "ரெண்டு மாசத்துல சவுண்ட் இன்ஜினியர் சொன்னார், ஸ்ட்ரிங்ஸ் என்னமோ மெலிஞ்சு கிடக்குன்னு. மைக்கை மாத்தினாங்க. நாற்காலியைத் தள்ளிப் போட்டாங்க. ஒண்ணும் சரியாகல. அப்புறம்தான் இந்தப் பெட்டி வந்துச்சு. முதல் நாள் இதைக் கேட்டுட்டு கண்டக்டர் என்ன சொன்னார் தெரியுமா டீச்சர்? 'அட, இதுதானய்யா பழைய சவுண்டு'ன்னார்."

ரஹிமா மேஜையிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை அவரிடம் கொடுத்தாள்.

"திரும்ப வைங்க சார்."

"கம்பெனி அளவு எங்கேயாவது எழுதியிருக்கா?"

"எபநேசர் எவ்வளவு பிந்துவார்?"

"அதை எப்படி அளக்கிறது?"

"ஒன்பது வருஷம் பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

மணவாளன் ஆசிலோஸ்கோப்பை அணைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கையால் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகினார். போதும் என்று தோன்றும், இல்லை என்று தோன்றும். கீழே ஜெராக்ஸ் கடையில் ஆள் வந்து போகும் சத்தம். நான்கு மணி வாக்கில் அவர் கை நின்றது. அறை மறுபடியும் நிறைந்திருந்தது.

"இவ்வளவுதான் டீச்சர்" என்றார். "இவ்வளவுதான் பிந்துவார்."

சினிமா இசைக்கலைஞர் சங்கத்தில் விசாரித்தபோது எபநேசர் உயிரோடு இருப்பது தெரிந்தது. வீடு அயனாவரத்தில். சனிக்கிழமை காலை மணவாளன் போனார்.

கதவைத் திறந்த எபநேசர் ஒரு கணம் நின்று பார்த்தார். வயது எழுபத்தாறு. முதுகு வளைந்திருந்தது.

"மணவாளனா? உள்ளே வாடா."

காபி வந்தது. மணவாளன் காபியைக் குடிக்காமல் சொன்னார். "அன்னைக்குக் கை காட்டினது நான்தான்."

"தெரியும். உன் வில்லு என் காதுக்கிட்ட நின்னுச்சே, எனக்கென்ன கண்ணு இல்லையா?"

"நாற்பது வருஷமா சொல்லணும்னு..."

"விடுடா. அடுத்த மாசமே ஒரு ஸ்கூல்ல பாட்டு வாத்தியார் வேலை. முப்பது வருஷம் நிம்மதியா ஓட்டினேன். நீங்கதான் பாவம், பிள்ளைகுட்டியோட நடுத்தெருவுல நின்னீங்க. நீ கை காட்டினது எனக்கு நல்லதாத்தான் போச்சு." அவர் சிரித்தார். "இப்போ ஞாயித்துக்கிழமை கோயில்ல வாசிக்கிறேன். அங்கேயும் திட்டுறாங்க. நீ வாசிக்கிறியா?"

"இல்ல. எண்பத்து மூணோட எடுத்து வெச்சதுதான்."

எபநேசர் எழுந்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

திங்கட்கிழமை மணவாளன் பத்து மணிக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டார். முகம் தெளிந்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னார்.

"நல்லதாத்தான் போச்சுன்னு அவர் வாயாலேயே சொல்லிட்டார் டீச்சர். நெஞ்சுல இருந்த பாரம் இறங்கிடுச்சு."

ரஹிமா ஒரு போர்டில் ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அவருக்கு நல்லது நடக்கட்டும்னா சார் கை காட்டினீங்க?"

மணவாளன் உட்கார்ந்துவிட்டார். மேஜையில் ஈயப் புகை எழுந்து, மின்விசிறிக் காற்றில் கலைந்தது. கீழே யாரோ இரண்டு ஜெராக்ஸ் காப்பி கேட்டு, அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"வர்ற சனிக்கிழமையும் போங்க."

"போய் என்ன சொல்ல? சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேனே."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் ரஹிமா. "வயலினை எடுத்துட்டுப் போய் அவர் பக்கத்துல உக்காருங்க."