உடையப்பன் வரைந்த பாம்பு

மலையடிவாரத்தில் செண்பகவடிவு என்றொரு ஓவியக்காரி இருந்தாள். சின்ன வயதுதான். ஆனால் சுற்றுவட்டாரக் கோயில் சுவர்களில் முக்கால்வாசி அவள் கை பட்டவை. பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் எதையாவது செய்து காட்டிவிட்டுப் போய்விடுவாள். புரிந்தவன் புண்ணியவான்.

அவளிடம் கடைசியாக வந்து சேர்ந்த சீடர் உடையப்பன். குருவைவிட இருபது வயது மூத்தவர். கல்யாணச் சமையல்காரர். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தூரிகை கேட்டு வந்து நின்றார்.

“நல்ல தொழில்தானே அண்ணாச்சி, ஏன் விட்டீங்க?” என்று கேட்டாள் செண்பகவடிவு.

“இம்புட்டு வருசமா சமைக்கேம்மா. ஒண்ணுகூட மறுநாள் காலையில இல்ல. நல்லா இருந்தா தின்னு தீத்துடுதாங்க. நல்லா இல்லாட்டி மாட்டுக்குக் கொட்டிடுதாங்க. நான் செஞ்சது ஒண்ணாவது விடிஞ்ச பிறகும் இருக்கணும்.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

அவள் தூரிகையை எடுத்துக் கொடுத்தாள்.

சிக்கல் பிறகுதான் ஆரம்பித்தது. உடையப்பன் எதை வரைந்தாலும் அது சாப்பாடாகவே வந்தது. நிலா வரைந்தார், ஆப்பமாக இருந்தது. மயில் வரைந்தார், கொத்தமல்லிக் கட்டுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு, வந்த முதல் வாரத்தில் ஒருநாள் வத்தக்குழம்பு வைத்துத் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து மற்ற சீடர்களுக்கு அவருடைய ஓவியத்தின் மேல் இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

“உங்க கை அடுப்புக்குன்னே பிறந்த கை அண்ணாச்சி” என்றார்கள்.

அதைவிடப் பெரிய வசவு அவருக்கு வேறு எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில் நாகம்மன் கோயில் மண்டபத்துச் சுவரில் ஒரு பாம்பு வரைய வேண்டும் என்று தர்மகர்த்தா சொல்லியனுப்பினார். பாம்பு நிஜப் பாம்பு மாதிரி இருக்க வேண்டும், பார்த்த ஜனம் நடுங்க வேண்டும் என்பது அவர் கட்டளை.

உடையப்பன் குருவின் முன்னால் போய் நின்றார்.

“அந்தச் சுவரை எனக்குக் குடுங்கம்மா.”

சீடர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

செண்பகவடிவு யோசித்தாள். “சரி அண்ணாச்சி. தர்மகர்த்தா ஏத்துக்கிட்டா நீங்க தூரிகையோட இருங்க. ஏத்துக்கலேன்னா?”

“அடுப்போட இருக்கேன்” என்றார் உடையப்பன். சீடர்கள் அன்றிரவே நாகம்மனை வேண்டிக்கொண்டார்கள். என்ன வேண்டிக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

உடையப்பன் முதலில் துணியில் பழகினார். பார்த்து வரைய ஒரு மாதிரி வேண்டுமே. தோட்டத்துப் பந்தலில் புடலங்காய் தொங்கிக்கொண்டிருந்தது. நீளம், வரி, வால் எல்லாம் சரியாக இருந்தது. நேராக வளர நுனியில் கட்டியிருந்த கல்லை அவிழ்த்துவிட்டு, காய் வளைகிற வரை காத்திருந்து வரைந்தார்.

துணியைப் பார்த்த ஒரு சீடன், “கூட்டா பொரியலா அண்ணாச்சி?” என்று கேட்டான்.

உடையப்பன் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று வரைந்தார். இந்தத் தடவை விட்டுக்கொடுக்கவில்லை. விரித்த படம், ரத்தச் சிவப்பில் கண், நீட்டிய நாக்கு, ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு பளபளப்பு. கொண்டுபோய் குருவிடம் காட்டினார்.

“நீங்க பாம்பைப் பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?”

“பாத்திருக்கேம்மா. விறகுக் கட்டுக்குள்ள இருந்து எத்தனையோ தடவ வந்திருக்கு.”

“வந்ததும்?”

“ஓடிடுவேன்.”

“அப்ப நீங்க பாத்தது?”

உடையப்பன் நேர்மையான மனிதர். “வழியைத்தாம்மா” என்றார்.

அவள் துணியை இன்னொரு முறை பார்த்தாள். “இது யாரைப் பாக்குது?”

“வர்றவங்களை.”

“அதுக்கு வேற சோலி இல்லையா?”

உடையப்பன் துணியைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். பழகியது போதும், நேரே சுவரில் இறங்கிவிடலாம் என்று நினைப்பு.

நாகம்மன் கோயில் மண்டபத்துக்கு இரண்டு வாசல். உள்ளே ஒரு மூலையில் புற்று. புற்றிலிருந்து கிழக்கு வாசல் வரை நீள்கிற சுவர்தான் அவருக்குக் கொடுத்தது. வெள்ளையடித்து, காயவிட்டு, சுவருக்கும் தூணுக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கரித்துண்டை எடுத்தார்.

புற்றிலிருந்து பாம்பு வந்தது.

ஓடலாம் என்றால் ஓடுகிற வழியில்தான் அது வந்துகொண்டிருந்தது. உடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லி, தெரியாத சாமிகளையும் பொதுவாகக் கும்பிட்டுக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

பாம்பு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பளபளப்பெல்லாம் இல்லை, முதுகில் புற்றுமண் அப்பியிருந்தது. விலாப்பக்கம் மெல்ல ஏறி இறங்கியது. முன்பகுதி ஏற்கனவே வாசலில் திரும்பி வெளியே போய்விட்டது. பின்பகுதிக்கு இன்னும் தகவல் வந்து சேராத மாதிரி அது நேராகவே வந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் அதே இடத்தில் அதே மாதிரி திரும்பியது. வால் நுனி நிலைப்படியைத் தாண்டி மறைந்தது.

உடையப்பன் குருவின் வீட்டுக்கு வந்து அவள் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

“பாம்பு வந்துச்சும்மா.”

“கடிச்சிட்டா?”

“இல்ல. திரும்பிக்கூடப் பாக்கல.” சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “அங்க ஒரு மனுசன் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அது பாட்டுக்குப் போகுது.”

“வருத்தமா?”

“கொஞ்சம்.”

“அந்த வருத்தம் ஆறுறதுக்குள்ள போய் வரைங்க.”

அவர் போனார். மூன்று நாள் யாரையும் உள்ளே விடவில்லை. சீடர்கள் தாங்களே சமைத்து, தாங்களே சாப்பிட்டு, இன்னும் உருக்கமாக நாகம்மனை வேண்டிக்கொண்டார்கள்.

நான்காம் நாள் தர்மகர்த்தா குடையை ஊன்றிக்கொண்டு வடக்கு வாசல் வழியாக வந்தார். செண்பகவடிவும் சீடர்களும் பின்னால் வந்தார்கள். உடையப்பன் தூண் பக்கம் ஒதுங்கி நின்றார்.

சுவர் முழுக்க வெறும் வெள்ளை. தரையை ஒட்டி, அடியில் மட்டும், மண் அப்பிய ஒரு பாம்பு போய்க்கொண்டிருந்தது. கிழக்கு வாசல் நிலைக்கல் வரை போய், அங்கே வளைந்து, சுவரோடு முடிந்துவிட்டது.

தர்மகர்த்தா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார்.

“தலை எங்கவே?”

“அது… நான் கண்ணைத் தொறக்கதுக்குள்ள வெளிய போயிட்டுய்யா” என்றார் உடையப்பன்.

“வெளிய போயிட்டா? படம் எடுக்காத பாம்பை ஜனங்க கும்பிடுமா? தலையில்லாத சாமியை எந்தக் கோயில்லவே பாத்திருக்கீரு? ஜனம் நடுங்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

சீடர்களில் ஒருவன் சந்தோஷத்தை மறைக்க உத்தரத்தைப் பார்த்தான். உடையப்பனுக்கு மனசு உடைந்துவிட்டது. அந்தப் பெரிய அண்டாவும், புகையும், இலை எடுக்கிற சத்தமும் ஒன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. அவர் குருவைப் பார்த்தார்.

“நாளைக்கே ஒரு தலையைப் போட்டாகணும். இல்லேன்னா வெள்ளையடிச்சிருங்க” என்று சொல்லிவிட்டுத் தர்மகர்த்தா கிழக்கு வாசலை நோக்கி நடந்தார். அதுதான் அவர் வீட்டுக்குக் கிட்டத்து வழி. திட்டிக்கொண்டேதான் நடந்தார். நிலைப்படிக்கு வந்ததும் பேச்சு நின்றது. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டார். நிலைக்கல்லுக்கு வெளியே, சுவரின் அந்தப் பக்கத்தில், குடையால் தட்டிப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து, இன்னொரு தடவை தட்டினார்.

“என்னய்யா தேடுதீங்க?” என்றாள் செண்பகவடிவு.

தர்மகர்த்தா நிமிர்ந்தார். குடையைப் பார்த்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். சுவரை மட்டும் பார்க்கவில்லை. பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் மண்டபத்தின் நடுவாக, சுவரை விட்டு நன்றாகத் தள்ளி நடந்து, வடக்கு வாசல் வழியாக வெளியே போனார்.

உடையப்பன் மெல்ல குருவின் பக்கத்தில் வந்தார்.

“அம்மா, அவரு ஏத்துக்கிட்டேன்னு சொல்லலியே.”

“சொல்லிட்டுத்தான் அண்ணாச்சி, சுத்துவழியில போறாரு.”