பிழையே இல்லாத பிழைதிருத்தி

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தமிழ்ப் பிழைதிருத்தி மென்பொருள் ஒன்றை எழுதியிருந்தார் மதிவாணன். அதைச் சோதித்துப் பார்க்க ஆள் தேவை என்று அறிவித்தவரும் அவரே. வந்தவர்களை விரட்டியவரும் அவரே. அச்சகத்தில் தட்டச்சு செய்யும் வடிவு, வந்தது வரட்டும் என்று போய் நின்றாள்.

"இதுல பிழையே கிடையாதும்மா. ஒண்ணே ஒண்ணு காட்டு, உன்னைச் சேர்த்துக்கறேன். இது சிவப்புக் கோடு போட்டா போட்டதுதான்."

வடிவு அவர் பெயரையே அடித்தாள். அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. 'மதிகேடன் என்று மாற்றவா?' என்று கேட்டது திருத்தி.

"நீங்க சொன்னது சரிதான் சார், பிழையே இல்லை," என்றாள் வடிவு பணிவாக. "மாத்திடட்டுமா?"

அன்றைக்கே அந்த மென்பொருளின் முதல் பிழை பதிவானது. சோதித்தவர் வடிவு. பதிந்தவர் மதிவாணன், 'மிக அவசரம்' என்று வேறு குறித்திருந்தார்.