பச்சைப் பட்டன்ல ஒரு தீக்குச்சி

ஏட்டி மெர்லின், கண்ண மூடிக்கிட்டே கேளு. "ம்" போடணும், என்ன?

ஒரு ஊர்ல ஒரு தண்ணி மோட்டார் இருந்துச்சாம். அதுக்குச் சுவத்துல ஒரு ஸ்டார்ட்டர் பொட்டி. பச்சைப் பட்டன அமுக்குனா, பொட்டி "டக்"குன்னு கரண்ட்டோட கையப் புடிச்சுக்கும். மோட்டார் "ங்ங்ங்"னு ஓடும், ஊர் டேங்குக்குத் தண்ணி ஏறும். ம் போடு. அப்புறம், பக்கத்துல ஒரு ஐஸ் கம்பெனி. அங்க பெரிய மிஷினப் போட்டா போதும், கரண்ட்ட மடக்குனு குடிச்சிரும். அப்போ ஊர் லைட்டெல்லாம் கண் சிமிட்டுற நேரம் மங்கும், உடனே வந்துரும். ஆனா ஸ்டார்ட்டர் பொட்டி ரோசக்காரப் பொட்டி. விட்ட கைய விட்டதுதான். மறுபடி ஆள் வந்து பட்டன அமுக்கணும்.

அமுக்க ஒரு ஆபரேட்டர் இருந்தாரு. அவரு பொண்ணு அப்பா மேல கால் போட்டாத்தான் உறங்குவா. சிரிக்காத.

ஒரு நாள் மோட்டாரப் போட்டுட்டு வீட்டுக்கு சைக்கிள மிதிச்சாரு, கிறீச் கிறீச். கோயில் முக்கு வரும்போது தெருலைட்டு மங்குச்சு. மோட்டாருக்கே திரும்பிட்டாரு. மறுநாள் வாசல் வரைக்கும் வந்து செருப்பக் கழட்டிட்டாரு. அப்பவும் மங்குச்சு. பொண்ணு அப்பான்னு கூப்புட்டா. அவரு திரும்பிப் பாக்காமப் போனாரு. பாத்தா போக முடியாதுல்லா.

மூணாம் நாள் பச்சைப் பட்டன் அமுங்கியே இருக்கட்டும்னு ஒரு தீக்குச்சியச் சொருகிட்டு வந்துட்டாரு. அன்னைக்கு அந்தப் புள்ள உறங்குன உறக்கம்! அங்க கரண்ட்டு மங்க மங்க, பொட்டி கைய விட்டுப் புடிச்சு, விட்டுப் புடிச்சு, "டகடகடகடக"... உள்ள இருந்த கம்பிச் சுருள், காயிலு, கருகிப்போச்சு. மூணு நாள் ஊருக்கே தண்ணி இல்ல. புள்ள பெத்து பத்து நாள் ஆகாதவகூட குடத்தத் தூக்கிட்டு அலைஞ்சா.

அப்புறம் அவரு ராத்திரி வீட்டுக்கு வரவே இல்ல. பொட்டி பக்கத்துலயே பெஞ்ச இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

ஆமா, உங்கப்பாதான். எனக்கும் அவரத் தேடத்தான் செய்யுது. அந்த ஐஸ் கம்பெனிய நெனச்சா பத்திக்கிட்டு வருது.

இந்தா, லைட்டு மங்குச்சு பாத்தியா? இப்போ அப்பா எந்திரிச்சிருப்பாரு. நடந்து போறாரு. அமுக்கிட்டாரு.

கதைய மடிச்சு வச்சாச்சு, உறங்கு. லைட்ட அணைக்கேன்.

என்னட்டி, அணைக்கக் கூடாதா? அணைச்சா அடுத்த தடவை அப்பா எந்திரிக்கிறது தெரியாதா?

சரி, எரியட்டும். நானும் அதத்தான் பாத்துக்கிட்டு கெடக்கேன்.