செம்மண் பொட்டும் சாம்பல் பொட்டும்

மேற்கு மழை முதலில் வந்து விழும் ஒரு மலைக்காட்டில், விலங்குகளுக்கென்று ஒரு மருத்துவமனை இருந்தது. பெரிய பாறைக் குகைதான் அது. உள்ளே காய்ந்த புல் பரப்பிய படுக்கைகள். வாசலில் இரண்டு சுரைக்குடுக்கைகள். ஒன்றில் குழைத்த செம்மண், மற்றதில் சாம்பல்.

அந்த மலை எப்போதாவது சரியும். அப்போது அடிபட்டவர்கள் கூட்டமாக வருவார்கள். வைத்தியரோ ஒருவர்தான், கரடி. அதனால் வாசலிலேயே நெற்றியில் பொட்டு வைத்துவிடுவார்கள். செம்மண் பொட்டு என்றால் உடனே பார்க்க வேண்டியவர். சாம்பல் பொட்டு என்றால் காத்திருக்கலாம்.

பொட்டு வைப்பது மயிலின் வேலை. ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் ஒத்திகை நடத்துவதும் மயில்தான். எதைச் செய்தாலும் பார்க்க அழகாக இருக்க வேண்டும் அதற்கு.

அடிபட்டதுபோல் நடிப்பதில் மந்தியை மிஞ்ச ஆளில்லை. "ஐயோ, என் கால் போச்சே! இனி எந்தக் கிளையில் ஏறுவேன்!" என்று அது அலறினால், வேடிக்கை பார்க்க வந்த மான்களுக்குக்கூடக் கண் கலங்கும். அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டியும் சேர்ந்து கத்தும். இலையிலிருந்து ஒரு துளி மேலே விழுந்தாலே காட்டைக் கூட்டிவிடும் குட்டி அது.

மயில் ஓடிவந்து மந்திக்கே முதல் செம்மண் பொட்டை வைக்கும்.

"ஒடியாத காலுக்கே இத்தனை கூச்சலா, மந்தியக்கா?" என்று கேட்கும் வாசலைக் காக்கும் முள்ளம்பன்றி.

"உனக்கு முனகக்கூட வராது. அந்த வயிற்றெரிச்சல்!" என்று மந்தி பழித்துக் காட்டும்.

எல்லோரும் சிரிப்பார்கள். ஒத்திகை முடிந்துவிடும்.

ஓர் ஆண்டு மழை நிற்கவே இல்லை. ஒரு நண்பகலில் மேற்குச் சரிவு மொத்தமாகப் பெயர்ந்தது. மரங்கள் நின்றபடியே கீழே நடந்து வந்தன. பறவைகளுக்கு மட்டும் பறக்க நேரம் இருந்தது.

குகை வாசல் கூச்சலால் நிறைந்தது. மான் கதறியது, காட்டெருமை உறுமியது. எல்லாவற்றுக்கும் மேலே மந்தியின் குரல் கேட்டது. அதன் வால் ஒடிந்திருந்தது. "ஐயோ, என் வாலே! ஐயோ, என் குட்டியே!"

மயிலின் கால்கள் பழகிய பக்கமே ஓடின. மந்தியின் நெற்றியில் செம்மண் ஏறியது. நான்கு பேர் அதைத் தூக்கிக் கரடியிடம் கொண்டுபோனார்கள்.

அதன் பின்னாலேயே முள்ளம்பன்றி ஒரு சேற்று உருண்டையை வாயில் கவ்வி வந்து இறக்கியது. "மந்தியின் குட்டி. மண்ணுக்கடியில் கிடந்தது. பார்த்துக்கொள், இன்னும் பலர் உள்ளே கிடக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டுத் தோண்ட ஓடியது.

மயில் குனிந்து பார்த்தது. ரத்தம் இல்லை. அழுகை இல்லை.

"எவ்வளவு சமர்த்து! அம்மாவைப் போல ஆர்ப்பாட்டம் செய்யவில்லை" என்று சாம்பல் பொட்டை வைத்து, ஓர் ஓரமாகப் படுக்க வைத்தது.

உள்ளே மந்தி அலறிக்கொண்டே இருந்தது. கரடி அதன் வாலில் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டத் தொடங்கியது.

"கவலைப்படாதே, மந்தியக்கா. குட்டி வந்துவிட்டது. வெளியே சமர்த்தாகத் தூங்குகிறது" என்றது மயில்.

மந்தியின் அலறல் பாதியில் அறுந்தது.

"தூங்குகிறதா? இந்தச் சத்தத்திலா? என் குட்டியா?"

மயில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"வாலை விடுங்கள், வைத்தியரே!" கட்டு அவிழ, வால் தரையில் இழுபட, மந்தி வாசலுக்குப் பாய்ந்தது. "எல்லோரும் கொஞ்சம் வாயை மூடுங்கள்! உங்களைக் கும்பிடுகிறேன்!"

அந்தக் குரல் அதன் பழைய குரலாக இல்லை. மான் கதறலை விழுங்கிக்கொண்டது. மழையின் ஓசை மட்டும் மிச்சம் இருந்தது.

கரடி குட்டியின் மார்பில் காதை வைத்தது. உள்ளே ஏதோ மெல்ல, மிக மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. மூக்கிலும் வாயிலும் சேறு அடைத்திருந்தது. மந்தி தன் நெற்றியின் செம்மண்ணை வழித்துக் குட்டியின் நெற்றியில் அப்பியது. கரடியோ, புற்றிலிருந்து கரையானை உறிஞ்சும் தன் நீண்ட உதடுகளைக் குட்டியின் முகத்தில் பொருத்தி உறிஞ்சியது. துப்பியது. மறுபடி உறிஞ்சியது.

குட்டி இருமியது. பிறகு காடே அதிரக் கத்தியது.

மந்தி அழுதது. சத்தமே வராமல் அழுதது.

மயில் சாம்பல் பொட்டு வைத்த மற்றவர்களிடம் ஓடியது. ஒவ்வொருவர் முகத்தருகிலும் குனிந்து மூச்சைக் கேட்டது. ஒரு முயலிடம் மட்டும் மயில் பிந்திவிட்டது; அதற்கு மூச்சு இல்லை.

அடுத்த ஆண்டு மழைக்கு முன்னால் ஒத்திகை நாள் வந்தது. மயில் தோகையை மடக்கிக்கொண்டு மந்தியிடம் போனது.

"இந்த முறையும் நீதான் அலற வேண்டும், மந்தியக்கா."

"அதை மான் பார்த்துக்கொள்ளட்டும். நான் எங்காவது சத்தமில்லாமல் கிடக்கிறேன். என்னைக் கண்டுபிடியுங்கள்."

"பார்க்க ஒன்றுமே இருக்காதே!"

"இருக்காது" என்றது மந்தி. குட்டியை முள்ளம்பன்றியிடம் விட்டுவிட்டு, சரிவின் உயர்ந்த புற்களுக்குள் இறங்கி மறைந்தது.

மான் அலறத் தொடங்கியது. மயில் ஒரு கணம் நின்றது. பிறகு மானைத் தாண்டி, புற்களுக்குள் தேடிக்கொண்டு நடந்தது.

நீதி: அலறுபவருக்கு மூச்சு இருக்கிறது; ஓசையற்றுக் கிடப்பவரை முதலில் தேடு.