சுருக்கமில்லாத சட்டை

வெண்குன்ற நாட்டுத் தளவாய் மருதப்பருக்குத் துணியில் சுருக்கம் விழுந்தால் ஆகாது. தம் முகத்தில் விழுந்ததை மட்டும் வேறு வழியின்றிப் பொறுத்துக்கொண்டார்.

எல்லையில் பாறை ஏறிக் காவல் காக்கும் வீரர்களுக்குக் கம்பளிச் சட்டை தைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர்களை அசையாமல் நிற்கவைத்து அளவெடுக்கத் தையற்காரர்களிடம் சொன்னார். கை தாராளமாக உயர அக்குளில் வைத்துத் தைத்திருந்த சதுரத் துண்டைப் பார்த்து, இதென்ன வௌவால் இறக்கை என்று பிரித்தெறிய வைத்தார். முதுகில் விட்டிருந்த மடிப்பும் போயிற்று. சட்டை, சிலைக்கு உடுத்தியதுபோல வழவழவென்று வந்தது.

மன்னர் குமாரகேசரி பார்வையிட வந்தார். வீரர்கள் தலைக்குமேல் கைகூப்பி வாழ்த்த வேண்டும். அந்நாட்டு வழக்கம் அது. எல்லார் கையும் மார்போடு நின்றுவிட்டது. மன்னர் முகம் கறுத்தது. சட்டையைக் குறை சொன்னால் பழி தம் தலையில் விழும் என்று தளவாய்க்குத் தெரியும். இவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று மன்னரின் காதோரம் சொன்னார். அத்தனை பேரையும் சிறையில் தள்ள உத்தரவாயிற்று.

அரசவையில் விகடம் பேசிப் பிழைக்கும் தாண்டவனும் அங்கே இருந்தான். முன்வரிசையில் ஒருவன் கையை உயர்த்தப் போராடி, வியர்த்து, கண்கலங்கி நின்றதை அவன் பார்த்திருந்தான். விசுவாசம் இல்லாதவன் அவ்வளவு பாடுபட மாட்டானே.

"மகாராஜா, விசுவாசியின் கை எவ்வளவு உயரும் என்று இவர்களுக்கு ஒருமுறை காட்டிவிடலாம். நம் தளவாயைவிட விசுவாசி யார்? இதே உடுப்பில் அவர் வாழ்த்தட்டும்" என்றான்.

தளவாய் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. சட்டையை மாட்டிவிட்டார்கள். கை மார்பைத் தாண்டவில்லை.

"தளவாய் ஐயா, உங்களுக்குமா?" என்று மெதுவாகக் கேட்டான் தாண்டவன்.

உயிர்ப்பயம் பொல்லாதது. தளவாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் உந்து உந்தினார். சட்டை கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிந்தது. பிறகுதான் கை மேலே போயிற்று.

மன்னருக்கு விளங்கிவிட்டது. வீரர்களை விடுவித்தார். வௌவால் இறக்கையோடு வேறு சட்டை தைக்கச் சொன்னார். தளவாயை அதைப் போட்டுக்கொண்டு அவர்களோடு பாறை ஏறும்படி அனுப்பினார்.

"இந்தப் பழைய சட்டைகளை என்ன செய்வது தாண்டவா, எரித்துவிடலாமா?"

"வேண்டாம் மகாராஜா. சுங்கச்சாவடி அதிகாரிகளுக்குக் கொடுங்கள். வண்டிமேல் இருக்கும் மூட்டைக்குள் கைவிட இனி எட்டாது."

மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தம் சால்வையை எடுத்துத் தாண்டவன் தோளில் போர்த்தினார். கூட்டமும் சிரித்தது. அதில் நின்ற சுங்க அதிகாரிகள் மட்டும் தங்கள் அக்குளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.