கிளாம்பு பிடித்த பிடி

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறி இறங்குகிற டாக்ஸி ஒன்று இருந்தது. அதன் முன்மூடிக்குக் கீழே ஒரு குடும்பம் குடியிருந்தது.

டர்போ அண்ணன் சுழன்று சுழன்று காற்றை அள்ளி, அழுத்தி அனுப்புவார். அதை வாங்கிக்கொண்டு போய் எஞ்சினுக்கு ஊட்டுவது ஒரு சின்ன ரப்பர் குழாய். வயிறு நிறையக் காற்று கிடைத்தால்தான் எஞ்சின் மலை ஏறுவார். குழாயின் நுனி கழன்றுவிடாமல் சுற்றிப் பிடித்திருந்தாள் ஓர் இரும்புப் பட்டை. பட்டறையில் அவளைக் கிளாம்பு என்பார்கள். குழாய் அவளை அம்மா என்றது.

இதற்கு முன்னால் அவளிடம் இன்னொரு குழாய் இருந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் அது படீரென்று அவள் பிடியிலிருந்து கழன்று, கிழிந்தே போனது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. மெக்கானிக் சூசை ஸ்பேனரோடு வந்தால், "இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரே ஒரு சுத்து" என்று கெஞ்சி வாங்கிக்கொள்வாள்.

"வலிக்குதும்மா."

"வலிச்சா நல்லதுடா கண்ணு. அம்மா இருக்கேன்னு அர்த்தம்."

ஒருநாள் அவளுடைய விளிம்புக்குக் கீழேயே குழாயில் நகத்தளவு கீறல் விழுந்துவிட்டது. முதலில் பார்த்தவள் அவள்தான். யாரிடமும் சொல்லவில்லை. கீறலின் மேல் இன்னும் இறுக்கிப் படுத்துக்கொண்டாள். வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது. மலையில் டர்போ அண்ணன் தம் கட்டி ஊதினால் மட்டும், 'உஸ்ஸ்' என்று பாதிக் காற்று வெளியே ஓடியது.

"என்ன மச்சான், பாதி வயித்துக்குத்தான் வருது. வழியில யாரு திங்கிறது?" என்று எஞ்சின் இரைந்தார்.

"நான் முழுசாத்தான்யா அனுப்புறேன்," என்று டர்போ இன்னும் வேகமாகச் சுழன்றார். உடம்பெல்லாம் அனல். டாக்ஸி கரும்புகை கக்கிக்கொண்டு மூன்றாவது வளைவிலேயே நின்றுவிட்டது.

பட்டறையில் சூசை வண்டியை நிறுத்தி வைத்தே உறுமவிட்டுப் பார்த்தான். எங்கும் காற்று கசியும் சத்தமில்லை. "டர்போ போச்சுண்ணே. கழட்டிட்டு வேற மாட்டிருவோம்."

டாக்ஸிக்காரர் துரைப்பாண்டிக்கு மனசு ஒப்பவில்லை. "காத்தடிச்சுப் பாத்தியாப்பா?"

"அதையும் பாத்துருவோம். உங்க மனசு ஏன் கெடணும்?"

டர்போ அண்ணனுக்கு எல்லாம் கேட்டது. கிளாம்பைக் கூப்பிட்டார். "தங்கச்சி, எனக்குப் பதிலா வர்றவன் கிட்ட ஒண்ணு சொல்லிரு. எடுத்த எடுப்புல வேகமா ஊத வேண்டாம்னு. புள்ளைக்கு இருமல் வரும்."



சூசை டர்போவின் வாயை மூடிக் காற்றை ஏற்றினான். குழாய், முனை, மூலை எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தான். காற்று கசிந்தால் குமிழி காட்டிக் கொடுத்துவிடும். கிளாம்பு பல்லைக் கடித்து இறுக்கினாள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"அம்மா, மாமா போயிருவாராம்மா?"

"பேசாம இரு."

"நான் சொல்லிரட்டுமா?"

"சொன்னா உன்னைத் தூக்கிப் போட்டுருவாங்கடா!"

"நீ பிடிச்ச இடத்துல மட்டுந்தாம்மா கிழிஞ்சிருக்கேன். மத்த இடமெல்லாம் நல்லாத்தானே இருக்கேன்."

சூசையின் ஸ்பேனர் டர்போவின் முதல் நட்டில் விழுந்தது.

கிளாம்பு கண்ணை மூடிக்கொண்டு, தன் திருகு மரையில் அரைச் சுற்று இளகினாள்.

ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே கொத்துக் கொத்தாக. குழாய்க்குக் கூச்சம் தாங்கவில்லை, களுக்கென்று சிரித்துவிட்டது.

"அண்ணே, இங்க வந்து பாருங்க!"

சூசை அவளைக் கழற்றித் துணிமேல் வைத்தான். குழந்தையைத் தொடாமல் அவள் இருந்த முதல் நேரம் அது. அவன் கத்தியை எடுத்தபோது அவளுக்கு உயிரே இல்லை. அவனோ கிழிந்த நுனியை மட்டும் மோதிரம்போல் அறுத்து எடுத்தான். "குழாய்க்கு நீளம் இருக்கு, தாங்கும். இந்தக் கிளாம்பு கடிச்சுத்தான் கிழிஞ்சிருக்கு."

"அப்ப அதைத் தூக்கிப் போடு."

சூசை அவள் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "எதுக்குண்ணே? நல்ல இரும்பு. நாந்தான் மாடு மாதிரி முறுக்கித் தள்ளிட்டேன்." விளிம்பை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மழுக்கினான்.

மறுபடி மாட்டினான். குழாய் நகராத அளவுக்கு முறுக்கினான். அவள் இன்னொரு சுற்றுக்காகக் காத்திருந்தாள். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மலை. டர்போ அண்ணன் நெஞ்சு நிறைய ஊதினார். குழாய் விம்மி, அவள் வளையத்தை முட்டியது. அவளுடைய ஒவ்வொரு மரையும் 'இறுக்கு, இறுக்கு' என்று துடித்தது. அவள் அப்படியே இருந்தாள்.

"அம்மா, என்னைப் பிடிச்சுட்டுத்தானே இருக்க?"

"ஆமாடா."

"தெரியவே இல்லையேம்மா," என்று சொல்லிவிட்டு, குழாய் மொத்தக் காற்றையும் எஞ்சினுக்கு ஊட்டியது.