குழாயைத் திறந்துவிடுகிறவர்

சிவக்கொழுந்தின் மனைவி மரகதம் பங்குனியில் போய்ச் சேர்ந்தாள். அதற்கு முந்தைய வருஷம் முழுக்கப் படுத்த படுக்கை. தினமும் விடிந்ததும் அவளுடைய விரிப்புகளையும் சேலைகளையும் முற்றத்துக் குழாயடியில் அலசிப் போட்டவர் இவர்தான். முணுமுணுத்துக்கொண்டேதான் அலசினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது கழிவுநீர்க் கட்டண பில்லை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்திருந்தார். குரு அவரைவிட வயதில் இளையவர். இருந்தாலும் மனசு சரியில்லை என்றால் சிவக்கொழுந்துக்குப் போக்கிடம் அது ஒன்றுதான்.

"குழாயில வர்ற தண்ணியை வச்சுத்தான் சாக்கடைக்குக் காசு போடுறாங்களாமே, மெய்யா சாமி?"

குரு பில்லை வாங்கிப் படித்தார். "ஆமாய்யா. சாக்கடைக்குத் தனியா மீட்டர் கிடையாது. போன வருஷம் குழாய் மீட்டர்ல எவ்வளவு தண்ணி ஓடிச்சோ, அம்புட்டும் சாக்கடைக்குப் போச்சுன்னு வச்சு இந்த வருஷம் போட்டிருக்காங்க."

"அப்போ இது அவ துணி அலசின தண்ணிக்கு."

"ஆமா. ஒத்தை ஆளுக்கு இது அதிகம். குறைக்கச் சொல்லி மனு எழுதித் தரட்டுமா?"

"வேண்டாம்."

"சரி, அடுத்த வருஷம் தானா இறங்கிடும்."

"இறங்காது சாமி."

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"காலையில குழாயைத் திறந்து விட்டுர்றேன். அவ துணி அலசி முடிக்கிற நேரம் வரைக்கும் ஓடும். அப்புறம் மூடிருவேன்."

"எதுக்கு?"

"ரேஷன் கார்டுல பேரை எடுத்துட்டாங்க. ஓட்டர் லிஸ்டுலயும் எடுத்தாச்சு. இந்த பில்லுல மட்டும்தான் நாங்க இன்னும் ரெண்டு பேர். இதுவும் இறங்கிப்போச்சுன்னா எனக்கு வேற என்ன இருக்கு?"

தெருக்கோடியில் குடத்தோடு காத்துக் கிடக்கிற சனத்துக்குத் தெரிந்தால் அடிக்க வரும். அது அவருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்தும் கை குழாய்க்குப் போகிறது. துக்கம் நல்ல மனுஷனையும் கோட்டிக்காரனாக்கிவிடுகிறது, என்ன செய்ய?

குரு ஏசவில்லை. பில்லை மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"அவங்க துணியை அலசுறப்போ தண்ணி எப்படிப் போகும்?"

"கலங்கிப் போகும். நுரையும் டெட்டால் வாடையுமா."

"இப்போ?"

சிவக்கொழுந்து வாசலைப் பார்த்தார்.

"தெளிஞ்சு போகுது சாமி."

"மீட்டரை ஏமாத்திரலாம்யா," என்றார் குரு. "அதுக்குக் கலங்கலும் தெளிவும் ஒண்ணுதான். நீங்கதானே பக்கத்துல நின்னு பார்க்கிறீங்க."